சுவரோரத்து இரண்டு எலின்கள்

எங்கள் பக்கத்தில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் யாரும் முதலில் பெயரைக் கேட்பதில்லை. "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்றுதான் கேட்பார்கள். பெயரால் என்ன பயன்? மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு கைப்பிடிப் பெயர்களையே எல்லோரும் மாற்றி மாற்றி உடுத்திக்கொண்டிருக்கிறோம். பண்ணையின் பெயரைச் சொன்னால் போதும். கேட்டவரின் பார்வை சற்று விலகும். மனத்துக்குள் அந்தப் பண்ணைவரை நடந்துபோய், கதவைத் தட்டி, உள்ளே யார் யார் இருந்தார்கள் என்று பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். அதன்பிறகுதான் முகத்தில் சிரிப்பு வரும்.

என் கணவன் இதெல் அந்தக் கேள்விக்கு "ஹெண்ட்ரே" என்று பதில் சொல்வான். பொய்யில்லை. கைக்குழந்தையாக நகரத்து அனாதை விடுதியிலிருந்து ஹெண்ட்ரே பண்ணைக்கு வந்தவன் அவன். பண்ணைக்காரி லௌரி அவனைத் தன் பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்த்தாள். அதே கஞ்சி, அதே அடி, அதே முத்தம். ஆனாலும் "ஹெண்ட்ரே" என்று சொல்லும்போது, அடுத்தவர் வீட்டுக் கதவைச் சாத்தாமல் வந்துவிட்டவனைப் போல, அவன் குரல் கொஞ்சம் திரும்பிப் பார்க்கும்.

குருத்து ஞாயிறு எங்களுக்குப் பூ ஞாயிறு. அதற்கு முந்தின சனிக்கிழமை எங்கள் லான்ஹெலிக் ஊரே வாளியும் பிரஷ்ஷுமாகக் கல்லறைத் தோட்டத்தில் கூடும். ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கற்களைத் தேய்ப்பார்கள், பாசியைச் சுரண்டுவார்கள், சிலர் ஓரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். பிறகு கை நிறைய டாஃபடில் பூக்கள். அன்று மாலை மேட்டிலிருந்து பார்த்தால், மஞ்சள் விளக்கு ஏற்றிய சின்ன ஊர் ஒன்று பெரிய ஊரின் மடியில் விழித்திருப்பதுபோல் இருக்கும். யார் எந்தக் கல்லின்முன் மண்டியிடுகிறார்கள் என்று பார்த்தாலே யாருக்கு யார் உறவு என்று தெரிந்துவிடும். கேட்கவே வேண்டாம்.

இதெல்லுக்கு மண்டியிட ஒரு கல் இல்லை. எல்லோருக்கும் தண்ணீர் தூக்கிக் கொடுப்பான். "எங்க தாத்தாவோடத நீயும் தேயேன்டா" என்று லௌரி கூப்பிடுவாளாம். தேய்ப்பானாம். ஆனால் அந்தக் கிழவர் கல்லுக்குள்ளிருந்து "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பதுபோலவே இருக்கும் என்று ஒருமுறை என்னிடம் சொன்னான்.

அவனுக்கு ஒரு கனவு உண்டு. சின்ன வயதிலிருந்து வந்துகொண்டிருந்த கனவு. பூ ஞாயிற்றுக்கு முந்தின மாலை. செத்துப்போனவர்கள் எல்லோரும் அவரவர் கல்லின்மேல் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருக்கிறார்கள், யாரோ சாப்பிடக் கூப்பிடப்போகிறார்கள் என்பதுபோல. தூரத்தில் ஒரு பெண் மட்டும் தண்ணீர் வராமல் காத்திருக்கிறாள். முகம் தெரியவில்லை. இவன் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். தண்ணீர் ஓரமெல்லாம் சிந்துகிறது. போய்ச் சேரும்போது வாளி காலி.

எங்கள் கல்யாணத்துக்காகப் பிறப்புச் சான்று வாங்கியபோதுதான் அவன் தாயின் பெயர் தெரிந்தது. எலின் ஹியூஸ், பண்ணை வேலைக்காரி. அப்பாவுக்கான இடத்தில் ஒரு கோடு. எலின் ஹியூஸ் என்று சந்தையில் ஒரு குரல் கொடுத்தால் பாதிச் சந்தை திரும்பிப் பார்க்கும். அந்த ஒரு பெயரை வைத்துக்கொண்டு அவன் தேடத் தொடங்கினான்.

பால் லாரி ஓட்டுவது அவன் வேலை. ஒவ்வொரு பண்ணை வாசலிலும் பால் கேன்களை ஏற்றும்போது, போகிற போக்கில் கேட்பான். அது ஊருக்கே தெரிந்துபோயிற்று.

"என்ன இதெல், இன்னிக்குப் பால் எடுக்க வந்தியா, அம்மா எடுக்க வந்தியா?" என்று வாசலில் நின்று கத்துவார்கள்.

"ரெண்டையும் தயாரா வைங்க, வண்டியில எடம் இருக்கு" என்பான் இவன்.

விடுமுறை நாளில் வெவ்வேறு ஊர்க் கோயில்களுக்குப் போய்ப் பழைய பதிவுகளைப் பார்ப்பான். ஒரு எலின் லிவர்பூலுக்குப் போய்விட்டாள். ஒரு எலின் ஒன்பது பிள்ளை பெற்று எல்லோரையும் தன்னோடே வைத்திருந்தாள். இன்னொருத்திக்கு வயது பொருந்தவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு சாவு வீட்டிலிருந்து திரும்பியவனைப் போல் வந்து தொப்பியைக் கழற்றுவான். "இன்னிக்கும் ஒரு எலின் போயிட்டா, டெக்வென்" என்பான். நான் தேநீர் போடுவேன். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அந்த எலின்கள்தான் அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார்கள்.

பிறகு லாரியின் பாதை மாறியது. மலைக்கு அந்தப் பக்கத்துப் பெட்டுஸ் ஊரும் அவன் வழியில் சேர்ந்தது. அங்கே ஹாவோட் பண்ணையின் வாசலில், கேன்மேல் கையூன்றி நின்ற கிழவர் ரைனால்ட்டிடம் வழக்கம்போல் கேட்டான்.

"எலின் ஹியூஸா? எங்க வீட்டுல வேலைக்கு இருந்தாளே, அந்த எலினா? செகப்பு முடிக்காரி?"

"முடி தெரியாதுங்க."

"பாட்டு முணுமுணுத்துக்கிட்டேதான் பால் கறப்பா. பாட்டு நின்னா மாடும் நிறுத்திடும். எங்கப்பாவுக்குக் கோவம் வரும், வேலையவிட்டு அனுப்பவும் முடியாது, மாடு கேக்காதே! டவுன்ல ஒரு கொழந்தைய விட்டுட்டு வந்தவளாம்னு பேசிக்கிட்டாங்க. பாவம், பெரும்பனி வருஷம் நெஞ்சுச் சளி வந்து போயிட்டா. இங்க பெட்டுஸ் கோயில்லதான், சுவரோரம் வச்சோம்." கிழவர் இப்போது இவனை நன்றாகப் பார்த்தார். "ஆமா, நீ யார் வீட்டுப் பிள்ளை?"

அன்று மட்டும் அவன் ஹெண்ட்ரே என்று சொல்லவில்லை. கேனைத் தூக்கி லாரியில் வைத்தான். வீட்டுக்கு வந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் நடுவறையில் நின்றான்.

"பாட்டு நின்னா மாடும் நிறுத்திடுமாம், டெக்வென்" என்றான்.

அடுத்த ஞாயிறே இருவரும் பெட்டுஸ் போனோம். இலையுதிர் காலம். மூடுபனி மலையிலிருந்து இறங்கிவந்து கல்லறைத் தோட்டத்துக்குள் ஆட்டுமந்தைபோல் படுத்திருந்தது. சுவரோரம் ஒன்றல்ல, இரண்டு சிலேட்டுக் கற்கள், தோளுக்குத் தோள் நின்றன. ஏழைகளின் கற்கள். முழுப் பெயரில்லை, முதலெழுத்துகளும் ஆண்டும் மட்டும். இரண்டிலும் எலின் ஹியூஸுக்கான அதே எழுத்துகள். அதே பெரும்பனி ஆண்டு.

ஒரு கல் சுத்தமாக இருந்தது. அதன் முன்னால் ஒரு ஜாம் பாட்டிலில் காய்ந்த பூத்தண்டுகள். மற்றதில் பாசி.

"எது?" என்றேன்.

"பாசி புடிச்சதுதான். எங்கம்மாவுக்குப் பூ வைக்க யாரு இருக்கா?" என்றான். பிறகு சுத்தமான கல்லைத் திரும்பிப் பார்த்து, "ஒருவேளை..." என்று தொடங்கி நிறுத்திவிட்டான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் அந்த 'ஒருவேளை'க்குள்தான் குடியிருந்தோம். பூ வைத்த கல் அவன் தாயுடையதாக இருந்தால், பூ வைத்தவர் அவன் இரத்தம். பூ ஞாயிற்றுக்கு முந்தின நாள் அங்கே போய்க் காத்திருந்தால் அவர் வருவார்.

"சித்தியா இருக்கலாம். இல்ல, மாமாவா இருக்கலாம்" என்பான், சாப்பிடும்போது திடீரென்று.

"மாமாவா இருந்தா நல்லது. உன் மூக்கு அவருக்கும் இருந்தா மலை உச்சியில இருந்தே கண்டுபுடிச்சிடலாம்" என்பேன் நான்.

சிரிப்பான். சிரித்துவிட்டுக் கண்ணாடியில் மூக்கைப் பார்ப்பான்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. பெட்டுஸ் மக்கள் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவரவர் கற்களுக்குப் போனார்கள். நாங்கள் சுவரின்மேல் உட்கார்ந்திருந்தோம். வெயில் பாலில் கரைத்ததுபோல் வெளுத்திருந்தது. அந்த வெளிச்சத்தில் தோட்டத்தில் நடந்தவர்களில் உயிரோடிருப்பவர் யார், இல்லாதவர் யார் என்று எனக்கே சற்றுக் குழம்பியது.

ஒல்லியான ஒரு பெண்மணி வந்தாள். கறுப்புக் கோட்டு, ஆண்கள் போடும் பூட்ஸ், கையில் கூடை. நேராக அந்தச் சுத்தமான கல்லுக்கு வந்து மண்டியிட்டாள். தேய்த்துக்கொண்டே கல்லோடு பேசினாள்.

"இந்த வருஷம் மழை ஜாஸ்தி, எலின். ரெண்டு கோழிய நரி கொண்டுபோயிடுச்சு. செவலை இன்னும் முட்டை போடுது. கெழவியாயிட்டா, ஆனா வீம்புக்குப் போடுறா."

இதெல் எழுந்துபோய் அவள் வாளியை நிரப்பிக்கொண்டு வந்தான். பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்தியிருந்தது.

"நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்றாள் அவள்.

"இது உங்களுக்கு... இவங்க யாரு?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லாம கேள்வி கேக்குற. மலைக்கு அந்தப் பக்கத்து ஆளா?"

"ஆமாங்க."

"அதானே பார்த்தேன். இது எங்கக்கா எலின். நான் ஜெனெட், பென்ரிவ் வீடு."

"உங்கக்கா ஹாவோட்ல வேலை பார்த்தாங்களா?"

"ஹாவோட்லயா! எங்கக்காவா!" ஜெனெட் சிரித்துவிட்டாள். "அவளுக்கு ஒரு கால் வராது தம்பி. பென்ரிவ் வாசலத் தாண்டினது கோயிலுக்கு மட்டும்தான். உக்காந்து தைப்பா. உங்க பக்கத்துல பாதிப் பேரோட கல்யாணச் சட்டை அவ கைதான்."

ஒரு குளிர்காலம் முழுக்கக் கட்டிய வீடு சத்தமில்லாமல் சரிவதை நான் சுவரின்மேலிருந்து பார்த்தேன். சித்தி இல்லை. மாமா இல்லை. அவன் மெதுவாகத் திரும்பி, பாசி பிடித்த கல்லின்முன் மண்டியிட்டான்.

"அப்போ இதுதான் எங்கம்மா" என்றான்.

ஜெனெட் தேய்ப்பதை நிறுத்தினாள். "உங்கம்மாவா? இத்தனை வருஷம் எங்கடா இருந்தே?"

"தேடிக்கிட்டிருந்தேங்க."

அவள் கொஞ்ச நேரம் அவன் முதுகைப் பார்த்தாள். "சரி, கண்டுபுடிச்சிட்டேல்ல. இந்தா, என் பிரஷ்ஷ எடுத்துக்கோ. உன்னுது புதுசு, வழுக்கிட்டுத்தான் போகும். பாசிக்குப் பழசுதான் சரி." பிறகு குரலைத் தணித்தாள். "யாருமே வர மாட்டாங்க, பாவம்னு நினைப்பேன். எனக்குப் பூ மிஞ்சினா அவளுக்கு வைப்பேன். மிஞ்சாத வருஷமும் உண்டு. அதுக்குக் கோவிச்சுக்காதே."

மூவரும் அவள் கூடையிலிருந்த பழரொட்டியை வெண்ணெய் தடவித் தின்றோம். அக்காவைப் புதைத்த நாளைப் பற்றிச் சொன்னாள். பனி கதவுயரம். ஜெனெட் காய்ச்சலில் கிடந்தாள், கூடப் போக முடியவில்லை. ஆண்கள் பெட்டியைச் சறுக்குப் பலகையில் வைத்து இழுத்துப்போனார்கள். "பனி உருகி நான் வந்து பார்த்தா ரெண்டு மண்மேடு, பக்கத்துல பக்கத்துல. எதுன்னு நான் யாரையும் கேக்கல. கேக்கணுமா? கூடப் பொறந்தவளுக்குத் தெரியாதா? கால் தானாப் போய் நின்னுச்சு."

அவள் போனபிறகு, தோட்டத்து மூலையில் நின்ற பழைய யூ மரத்தடியிலிருந்து ஒருவர் மண்வெட்டியோடு வந்தார். கோயிலில் குழி வெட்டும் மெய்ரிக்.

"தம்பி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லலாமா வேணாமான்னு அந்த மரத்தடியில ஒரு பைப்பு பொகையிலையக் காலி பண்ணிட்டேன்." கண்ணைக் கற்களின்மேல் வைத்துக்கொண்டே பேசினார். "ரெண்டு குழியும் நான் வெட்டினது. தரை இரும்பா ஒறஞ்சு கெடந்துச்சு. தீ மூட்டி எளக்கி வெட்டினேன். அது மறக்குமா? ஹாவோட் பொண்ணோட கல்லு நீ தேய்ச்சது இல்ல. ஜெனெட் தேய்ச்சாளே, அது."

எனக்குக் கோபம் வந்தது. "இத்தனை வருஷமா அவங்ககிட்டச் சொல்லாம இருந்தீங்களா?"

"மொத வருஷம் நான் பார்க்கிறப்பவே அவ அழுதுக்கிட்டிருந்தாம்மா. அழற பொம்பளைகிட்டப் போயி, நீ அழற எடம் தப்புன்னு சொல்றதா? அடுத்த வருஷம் சொல்லிக்கலாம்னு விட்டேன். அடுத்த வருஷமும் அழுதா."

"இவன்கிட்ட மட்டும் ஏன் சொல்றீங்க?"

"இவன் இன்னும் அழலியே. அழறதுக்கு முன்னாடி சொல்லிடலாம்னுதான்."

இதெல் இரண்டு கற்களுக்கும் நடுவில் போய் நின்றான். ஒரு கை இந்தக் கல்லின்மேல், ஒரு கை அந்தக் கல்லின்மேல். அப்படி நின்றபடிதான் அழுதான்.

வண்டியில் திரும்பும்போது நான் விடவில்லை. "சொல்லிடு இதெல். அது உங்கம்மா. எத்தனை வருஷம் தேடினே! இன்னொருத்தர் கல்லுக்கு முன்னால நீ ஏன் முட்டி போடணும்?"

மலையுச்சி வந்தது. அங்கே வண்டியை நிறுத்தினான். கீழே இரண்டு பக்கமும் இரண்டு ஊர்களின் கல்லறைத் தோட்டங்கள், மஞ்சள் புள்ளிகளாக.

"என்னைத் தவிர எங்கம்மாவுக்கு யாருமில்லன்னு நெனச்சேன், டெக்வென். ஒருத்தி இருந்திருக்கா. வருஷா வருஷம் வந்து, குளிப்பாட்டி, பூ வச்சு, கோழிக் கதை சொல்லிட்டுப் போயிருக்கா. அவகிட்டப் போயி, நீ பேசினது எல்லாம் வேற யார்கிட்டயோன்னு சொல்லச் சொல்றியா? சொன்னா நான் எங்கம்மாகிட்ட இருந்து அவளப் புடுங்கின மாதிரி ஆயிடாதா?"

"அப்போ அவங்க அக்கா?"

"அவளுக்கு நான் இருக்கேன்ல."

அப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு பூ ஞாயிற்றுக்கும் முந்தின நாள் அவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் மண்டியிட்டு, ஒருவர் சொந்தத்தை மற்றவர் தேய்த்தார்கள். ஜெனெட்டை அவன் சித்தி என்று கூப்பிடத் தொடங்கினான். எங்கள் பக்கத்தில் வயதானவர்களை அப்படிக் கூப்பிடுவது வழக்கம்தான், யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. "செத்தவங்க ரெண்டு பேரும் அண்டை வீடுன்னா நாமளும் ஏதோ உறவுதான்" என்று அவளும் ஒத்துக்கொண்டாள். அவள் போனபிறகு அவன் தன் தாயின் கல்லில் உள்ளங்கையைச் சற்று நேரம் வைத்திருப்பான். வெயில் பட்ட கல் சூடாக இருந்தால் அன்று முழுக்க உற்சாகமாக இருப்பான். பெட்டுஸில் யாராவது புதியவர் அவனை "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டால், அவன் வாயைத் திறக்கும் முன்பே பக்கத்திலிருப்பவர் சொல்லிவிடுவார்: "அது நம்ம ஜெனெட்டோட ஆளு."

ஜெனெட் ஒரு பிப்ரவரியில் போனாள். ஆசை ஒன்றைத்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "என்னை எலின்கூட வச்சிடுங்க. வேற எதுவும் வேணாம்."

அன்று மதியமே மெய்ரிக் மலையைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நாற்காலியில்கூட உட்காரவில்லை.

"எந்த எலின்கூட? நீயே சொல்லு. அவ பூ வச்ச எடத்துல வெட்டினா உங்கம்மாமேல போய்ப் படுப்பா. நெசமான அக்காகிட்ட வெட்டினா, ஏன் அங்க வெட்டறேன்னு ஊரே கேக்கும். அவ இவ்வளவு வருஷம் அழுததைப் பத்தி ஊரு சிரிக்கும். நான் மொத வருஷமே சொல்லியிருக்கணும். என் வாயில மண்ணு விழ."

இதெல் எழுந்து வெளியே போனான். ஆடுகளுக்கு நடுவே நெடுநேரம் நின்றான். திரும்பி வந்து வாசலிலேயே கேட்டான்.

"ரெண்டு கல்லுக்கும் நடுவுல எவ்வளவு எடம் இருக்கு?"

மெய்ரிக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த உறைந்த தரையை மறுபடி மனத்துக்குள் அளந்தார் என்று நினைக்கிறேன். "ஒல்லியான ஆளுக்குப் போதும்."

"சித்தி ஒல்லிதானே."

மெய்ரிக் வாயிலிருந்து பைப்பை எடுத்தார். "அடப்பாவி" என்றார், மெதுவாக, ஆசீர்வாதம் சொல்வதுபோல. "பாதிரியார்கிட்ட நான் பேசிக்கிறேன். அந்தப் பக்கம் பாறைன்னு சொல்றேன். பாறை இருக்கறதும் உண்மைதான். என்ன, கொஞ்சம் தள்ளி இருக்கு."

அப்படியாக ஜெனெட் நடுவில் படுத்தாள், ஒரு தோள் கூடப்பிறந்தவளை ஒட்டி, மறுதோள் தன் கண்ணீரையெல்லாம் வாங்கிக்கொண்டவளை ஒட்டி. அடக்கத்தின்போது மெல்லிய மழை. இதெல் முதல் பிடி மண்ணைப் போட்டான். உறவு இல்லாதவன் ஏன் முதலில் போடுகிறான் என்று பெட்டுஸில் யாரும் கேட்கவில்லை.

அந்தக் கோடையில் ஒரு விடியற்காலை என்னை எழுப்பினான். "டெக்வென், இன்னிக்கு வாளி நெறைய இருந்துச்சு" என்றான். திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டான். முகம் தெரிந்ததா என்று நான் கேட்கவுமில்லை, அவன் சொல்லவுமில்லை. அந்தக் கனவு பிறகு வரவில்லை.

போன இலையுதிர் காலத்தில் இதெல் போனான். லான்ஹெலிக்கில் வேண்டாம் என்று முன்பே சொல்லிவைத்திருந்தான். பெட்டுஸில், அந்த மூவரின் காலடியில், ஒரு வரிசை கீழே இருக்கிறான். மெய்ரிக்கும் இப்போது இல்லை. குழி வெட்டியவர் புதியவர், கொஞ்சம் வளைத்து வெட்டிவிட்டார். பரவாயில்லை. நேராகப் படுத்துத் தூங்குகிற பழக்கம் அவனுக்கு என்றுமே இல்லை.

நேற்று பூ ஞாயிற்றுக்கு முந்தின நாள். ஜெனெட்டின் பழைய பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு மலையைத் தாண்டிப் போனேன். நான்கு கற்களையும் தேய்த்தேன். எலினிடம் கோழிகளைப் பற்றிச் சொன்னேன், இன்னொரு எலினிடமும் அதையே சொன்னேன். இதெல்லிடம் ஒன்றும் பேசவில்லை. கல் சூடாக இருந்தது, கையை மட்டும் வைத்திருந்தேன்.

எல்லோருக்கும் வைத்தபிறகும் கூடையில் கொஞ்சம் டாஃபடில் மிஞ்சியது. சுற்றிலும் பார்த்தேன். யூ மரத்துக்கு அந்தப் பக்கம், பாதி மண்ணில் இறங்கிய ஒரு கல், எழுத்தே இல்லாமல், பாசியோடு நின்றது. போய் மண்டியிட்டேன். பழைய பிரஷ்ஷுக்குப் பாசி எளிதாக வந்தது.

"மிஞ்சின பூதான்" என்றேன் அதனிடம். "அதுக்குக் கோவிச்சுக்காதே."